மூடிக் கிடந்த ஆர்மோனியம்

எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில் பழைய ஆர்மோனியப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் மேற்பலகையில் நீண்ட விரிசல் ஒன்றும், முன்பக்கத்தில் பூட்டு இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகளும் உண்டு. வீட்டிற்கு வருகிறவர்கள், "இவ்வளவு பழையதை ஏன் வைத்திருக்கிறீர்கள்? ஒரு கீபோர்டு வாங்கிவிடலாமே!" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே காப்பி கொண்டுவர உள்ளே போய்விடுவேன். அந்தத் துளைகளின் கதையையும் விரிசலின் கதையையும் வெளியாரிடம் நான் சொன்னதில்லை. இப்போது என் தம்பியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். "எழுதுக்கா, இன்னொரு வீட்டுல இப்படி ஒரு பெட்டி பூட்டிக் கிடந்தா, அதையாவது யாராச்சும் திறக்கட்டும்" என்று அவன் சொன்ன பிறகே எனக்குத் துணிவு வந்தது.

எங்கள் தந்தை மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உபதேசியாராக இருந்தவர். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் கட்டாந்தரை என்று வாழ்ந்த ஊர் அது. பங்குக் குருவானவர் மாதம் ஒரு முறை வந்து திருப்பலி நிறைவேற்றுவார். மற்ற ஞாயிறுகளில் செபமும் பாட்டும் அப்பாவின் பொறுப்பு. அதற்காகவே அவர் கடன்பட்டு அந்த ஆர்மோனியத்தை வாங்கினார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் பலவற்றை அவர் மனப்பாடமாகப் பாடுவார். தம்பி ஐந்து வயதிலேயே அவர் மடியில் உட்கார்ந்து கட்டைகளை அழுத்தத் தொடங்கினான். பதினைந்து வயதில் ஆலயத்தில் அவனே வாசித்தான். பின்னர் மதுரையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் சேர்ந்தான். சனிக்கிழமை மாலை ஊருக்கு வந்து, ஞாயிறு பாடி முடித்துத் திரும்புவான். அவன் வருகிற பேருந்தின் ஓசைக்காக அம்மா வாசலில் காத்திருப்பார்.

இரண்டு பூட்டுகள்

1986-ஆம் ஆண்டு. தம்பிக்கு இருபத்திரண்டு வயது. அச்சகத்தில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். பிறகு, யாரும் இல்லாத இடத்திலும் பேச்சுக் கேட்கிறது என்றான். வேலையை விட்டு ஊருக்கு வந்தான். குளிக்க மறுத்தான், உணவில் ஏதோ கலந்திருப்பதாக ஐயுற்றான். ஒரு நாள் நள்ளிரவில் எழுந்து ஆர்மோனியத்தைத் திறந்து, ஒரே சுரத்தை விடாமல் வாசித்தான். மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே. அக்கம்பக்கத்தார் வந்து முறையிட்டனர். உபதேசியார் வீட்டுப் பிள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டது என்ற பேச்சு ஊர் முழுதும் பரவிற்று.

அப்பாவால் அந்த அவமானத்தைத் தாங்க முடியவில்லை. நாதாங்கி ஒன்றை வாங்கிவந்து பெட்டியில் அறைந்து பூட்டினார். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். அதே மாதத்தில், தம்பி இரவில் வெளியே ஓடாதிருக்கும்பொருட்டு, நெல் கொட்டிவைக்கும் பின்னறையில் அவனை விட்டு அதற்கும் ஒரு பூட்டுப் போட்டோம். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. ஒரே மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பூட்டுகள் ஏறின.

ஏன் ஒரே சுரத்தை வாசித்தான் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அவனே எனக்குச் சொன்னான். அந்தக் குரல்களை அமுக்குவதற்குத்தான் வாசித்தானாம்! மூழ்குகிறவன் கையில் அகப்பட்ட ஒரே கட்டையைப் பிடுங்கி, நாங்கள் பூட்டி வைத்திருக்கிறோம். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு வேகிறது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் கோயில் கோயிலாக அலைந்தோம். மந்திரிப்பவர்களையும் விடவில்லை. நேர்ச்சைகளில் குறையில்லை; மருத்துவரிடம் போகாததே குறை. நோய்க்கு மருந்து தேடுவது விசுவாசக் குறைவு என்று யாரோ சொன்னதை அப்பாவும் நம்பினார். இறுதியில், மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற வயது முதிர்ந்த கன்னியர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னறைக் கதவைத் திறக்கச் சொல்லித் தம்பியின் அருகில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, "உபதேசியாரே, காலொடிந்தால் கட்டுப் போடுகிறீர்களே, இது மட்டும் என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார். மறு வாரமே மதுரைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்த்தோம்.

அன்பு வாசகர்களே, இது எங்கள் ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அன்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் ஓட முடியாமல் வெந்துபோயினர். 28 பேர் இறந்தனர். செய்தித்தாளில் அதைப் படித்த அன்று அம்மா சாப்பிடவில்லை. நாங்கள் சங்கிலி போடவில்லைதான். ஆனால், பூட்டுக்கும் சங்கிலிக்கும் எவ்வளவு தூரம்?

துருத்தியும் சுரமும்

மருந்து வேலை செய்தது. சில மாதங்களில் குரல்கள் அடங்கின. உணவில் நஞ்சிருக்கிறது என்ற அச்சம் போயிற்று. ஆனால் தம்பி திரும்பி வரவில்லை. காலையில் திண்ணையில் உட்காருவான். மாலைவரை எதிரேயுள்ள புளியமரத்தையே பார்த்திருப்பான். கேட்டால் ஒரு சொல்லில் விடை சொல்வான். சிரிப்பில்லை, அழுகையுமில்லை.

மருத்துவர் இதை எங்களுக்கு எளிமையாக விளக்கினார். மனச்சிதைவு நோயில் இரண்டு வகைத் துன்பம் உண்டாம். இல்லாதது வந்து சேருவது ஒன்று: இல்லாத குரல் கேட்கும், இல்லாத பகை தோன்றும். இருந்தது மறைந்துபோவது மற்றொன்று: ஆர்வம் போகும், பேச்சுப் போகும், மனிதரோடு கலக்கும் ஆசை போகும். முதல் வகையை மருந்து பெரும்பாலும் அடக்கிவிடும். இரண்டாம் வகையில் மருந்தின் கை அவ்வளவு நீளாது. "அங்கேதான் நீங்கள் வேண்டும்" என்றார்.

நாங்கள் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாதான், தம்மை அறியாமலே, வழியைக் கண்டார். ஒரு நாள் மாலை திண்ணையில் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டே, எங்களைத் தொட்டிலிலிட்டு ஆட்டிய தாலாட்டை முணுமுணுத்தார். அருகில் இருந்த தம்பியின் ஆள்காட்டி விரல் தூணில் தாளம் போட்டது. அம்மா பாட்டை நிறுத்தினார், விரலும் நின்றது. மீண்டும் பாடினார், விரல் மீண்டும் அசைந்தது. அம்மா எழுந்து உள்ளே போய், "சாவியக் கொடுங்க" என்று அப்பாவிடம் கை நீட்டினார்.

நாதாங்கி துருப்பிடித்திருந்ததால் ஆணிகளையே பிடுங்க வேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்தால், துருத்தியின் ஒரு மூலையை எலி கடித்திருந்தது. தோல் ஒட்டிச் சரிசெய்தார் அப்பா. தம்பியோ மருந்தின் விளைவாகக் கை நடுங்குகிறவன். ஒரு கையால் துருத்தியை இயக்கி, மறு கையால் கட்டைகளை அழுத்த அவனால் இயலவில்லை. ஐந்து நிமிடம் முயன்றுவிட்டு எழுந்துவிட்டான். மறுநாள் அப்பா பெட்டிக்குப் பின்புறமாக, அவனுக்கு எதிரில் உட்கார்ந்தார். "நீ கட்டைய மட்டும் அமுக்குய்யா, காத்த நான் போடுறேன்" என்றார். அப்பா துருத்தியை இழுக்க, தம்பியின் நடுங்கும் விரல்கள் கட்டைகளைத் தேடின. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு பாட்டு எழுந்தது. பாதிச் சுரங்கள் தவறானவை. ஆயினும் அதைவிட இனிய இசையை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அன்று முதல் ஒவ்வொரு மாலையும் அரை மணி நேரம் அதுவே எங்கள் குடும்ப வழக்கமாயிற்று. நாளாக ஆக, பாட்டின் இடையே தம்பி ஓரிரு சொல் பேசத் தொடங்கினான். "அப்பா, சுருதி கூடிப் போச்சு" என்பதுதான் அவன் தானாகப் பேசிய முதல் வாக்கியம்.

காவல் காக்கும் பாட்டு

இசைக்கு நோயை ஆற்றும் ஆற்றல் உண்டு என்பது தமிழர் நெடுங்காலமாக நம்பிவந்த ஒன்று. புறநானூற்றில் அரிசில்கிழார் பாடிய பாட்டொன்று இருக்கிறது. போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனின் வீட்டில் பெண்கள் வேப்பிலை செருகுகின்றனர். யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன. கடுகு தூவி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்புகின்றனர். பாடுகின்ற பெண் தன் தோழியை, அவனைக் காப்பதற்காக வரும்படி அழைக்கிறாள். புண்ணைக் குணப்படுத்த வா என்று அழைக்கவில்லை. காக்க வா என்றே அழைக்கிறாள். பள்ளியில் தமிழ் கற்பித்த காலத்தில் இந்தப் பாட்டை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அதன் பொருள் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் எனக்கு விளங்கிற்று. புண்ணுக்கு மருந்து வேறு. புண்பட்டவனோடு விழித்திருப்பது வேறு. பாட்டு அந்த இரண்டாவது வேலையைச் செய்கிறது.

இன்றைய ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே கூறுகின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, மனச்சிதைவு நோயில் இசைச் சிகிச்சையைப் பற்றி 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 18 ஆய்வுகள், 1,215 நோயாளர்கள். வழக்கமான சிகிச்சையோடு இசையும் சேரும்போது, நோயாளரின் பொதுநிலையும், மறைந்துபோன ஆர்வமும், பிறரோடு பழகும் திறனும் மேம்படக் கூடும் என்பது அதன் முடிவு. சான்றுகள் இன்னும் வலுப்பெற வேண்டும் என்பதையும், போதிய முறை தொடர்ந்து செய்தாலே பயன் என்பதையும் அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. "வழக்கமான சிகிச்சையோடு" என்ற சொற்களை வாசகர்கள் கோடிட்டுக் கொள்ளுங்கள். அவற்றை மறந்ததற்கு நாங்கள் கொடுத்த விலையைப் பின்னர் சொல்கிறேன்.

இன்னொரு நுட்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். துயரத்தில் இருப்பவரை மகிழ்விக்க வேண்டுமென்று உடனே துள்ளல் பாட்டைப் பாடுவது தவறு. 1940-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் என்பவர், நோயாளரின் மனநிலை எதுவோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கி, பிறகு மெல்ல மெல்ல மாற்ற வேண்டும் என்று எடுத்துரைத்தார். நம் பாட்டிமார் இதை அறிவார்கள். துக்க வீட்டில் அவர்கள் ஆறுதல் பாட்டுப் பாடுவதில்லை. கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். அழுது முடித்த பிறகே, "ஒரு வாய் தண்ணி குடி தாயி" என்கிறார்கள். எங்கள் அம்மாவும் தம்பி இருந்த இடத்திற்கு இறங்கிப் போய், மெல்லிய தாலாட்டிலிருந்தே தொடங்கினார்.

சவுலின் ஈட்டி

1989-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவில் தம்பி ஆலயத்தில் வாசித்தான். அப்பா வழக்கம்போல் எதிரே அமர்ந்து துருத்தியை இயக்கினார். பேய் பிடித்தவன் என்று சொன்ன அதே ஊர் அன்று கண்ணீர் விட்டது. விழா முடிந்ததும் ஒருவர் அப்பாவிடம், "பாட்டே சொகமாக்கிருச்சு, இன்னும் எதுக்கு அந்த மாத்திரை? கை நடுங்குறது அதனாலதானே?" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினோம்.

இரண்டு மாதங்கள் குறையொன்றும் தெரியவில்லை. கை நடுக்கமும் நின்றது. நாங்கள் வென்றுவிட்டதாகவே எண்ணினோம். தவக்காலம் தொடங்கிய வாரம் அவன் இரவில் உறங்கவில்லை. மறு வாரம் தனக்குத்தானே பேசினான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்பா தனியே பெட்டியின் முன் அமர்ந்து சிலுவைப் பாதைப் பாட்டொன்றை வாசித்துக் கொண்டிருந்தார். பாட்டுக் கேட்டால் தம்பி அமைதி அடைவான் என்பது அவருடைய நம்பிக்கை. திடீரென்று உள்ளிருந்து உலக்கையோடு வந்தான் தம்பி. அப்பா சட்டென்று விலகினார். உலக்கை பெட்டியின்மேல் விழுந்தது. நான் முதலில் சொன்ன விரிசல் அதுதான்.

அன்றிரவு, மதுரை மருத்துவமனையில் தம்பியைச் சேர்த்துவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அப்பா சொன்னார்: "சவுல் ராசாவுக்கு தாவீது யாழ் வாசிச்சதப் பத்தி எத்தனையோ தடவ பிரசங்கம் பண்ணிருக்கேன். பாதிக் கதையத்தான் சொல்லிருக்கேன்."

உண்மைதான். சாமுவேல் முதல் நூலின் 16-ஆம் அதிகாரத்தில், கலங்கிய மனத்தினரான சவுலின் முன் தாவீது யாழ் மீட்ட, அரசர் ஆறுதல் அடைகிறார். இசையின் பெருமையைப் பேசுவோர் எல்லாரும் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறோம். இரண்டு அதிகாரங்கள் தள்ளிப் படித்தால், அதே தாவீது அதே யாழை மீட்டிக் கொண்டிருக்கும்போதே, சவுல் அவர்மீது ஈட்டியை எறிகிறார். தாவீது இருமுறை தப்பினார் என்று காண்கிறோம். இசை சவுலுக்கு ஆறுதல் தந்தது உண்மை. அது அவரைக் குணப்படுத்தவில்லை என்பதும் உண்மை. திருநூல் இரண்டையும் மறைக்காமல் சொல்கிறது. நாம்தாம் ஒன்றை விட்டுவிடுகிறோம்.

இந்த நோய்க்கு இந்த இராகம் என்று பட்டியல் தருகிறவர்களை இன்று அடிக்கடி காண்கிறேன். இராகங்கள் மனத்தைத் தொடுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், இராகம் இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எங்கள் வீட்டு ஆர்மோனியத்தை ஒரு முறை வந்து பார்க்கட்டும். கை நடுக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டிருந்தால், அவர் மருந்தை மாற்றித் தந்திருப்பார். பின்னர் அப்படித்தான் மாற்றித் தந்தார். நடுக்கமும் பெரிதும் குறைந்தது. ஒரு கேள்வி கேட்கச் சோம்பியதால் இவ்வளவும் நேர்ந்தது.

சன்னல் இல்லாத அறை

மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் தம்பி நெடுநாள் பெட்டியைத் தொடவே இல்லை. அப்பாவை அடிக்க ஓங்கியது அவனுக்கு நினைவிருந்தது. 1992-ஆம் ஆண்டு மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் மதுரையில் எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைத் தொடங்கினார். மனநோயாளருக்கு மருந்தோடு மறுவாழ்வும் வேண்டும் என்ற எண்ணம் நம் பகுதியில் வேரூன்றத் தொடங்கிய காலம் அது. அதற்குப் பின்னர்தான் தம்பியும் நகரிலிருந்த பகல்நேர இல்லம் ஒன்றுக்குப் போய்வரத் தொடங்கினான். நான் அப்போது மதுரையில் ஆசிரியையாக இருந்ததால் அவனை என்னோடு வைத்துக்கொண்டேன்.

அங்கே காலையில் கைத்தொழில். மாலையில் பாட்டு அல்லது படம் வரைதல். தம்பி பாட்டுக்குப் போக மறுத்துப் படம் வரையும் மேசையில் உட்கார்ந்தான். பல வாரங்கள் தாள் முழுவதும் கறுப்பு வண்ணத்தையே தேய்த்தான். அங்கிருந்த பெண் பணியாளர், "இது என்ன?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பாராட்டவும் இல்லை; திருத்தவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தாமும் ஏதோ வரைந்துகொண்டிருப்பார். ஒரு நாள் அவன் ஓர் அறையை வரைந்தான். நெல் மூட்டைகள், மூடிய கதவு, எதிர்ச் சுவரில் ஒரு சன்னல், அதன் வழியே புளியமரம். அந்தப் பெண்மணி அதை என்னிடம் கொடுத்தார். ஊருக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினேன். அம்மா நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "அந்த அறைக்குச் சன்னலே கிடையாதே!" என்று சொல்லி அழுதார்.

இரண்டு ஆண்டு இருளைப் பற்றித் தம்பி எங்களிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. குற்றம் சாட்டியதும் இல்லை. அந்தத் தாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அடுத்த மாதம் அப்பா கொத்தனாரை அழைத்துவந்து, அந்தச் சுவரை உடைத்துச் சன்னல் வைத்தார். தம்பி ஊருக்கு வந்து அதைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. கூடத்துக்குப் போய் ஆர்மோனியத்தின்மேல் கிடந்த துணியை எடுத்தான். "காத்துப் போடுங்கப்பா" என்றான்.

வாய் திறந்து சொல்ல இயலாதவர்களுக்குத் தாளும் வண்ணமும் வாயாகின்றன என்பதை உலகின் பல இடங்களிலும் கண்டிருக்கிறார்கள். பிரேசில் நாட்டின் ரியோ நகரில் நீசே ட சில்வெய்ரா என்ற பெண் மருத்துவர், மின்னதிர்ச்சியும் மூளை அறுவையும் பெருமையாகப் பேசப்பட்ட காலத்தில் அவற்றைச் செய்ய மறுத்தார். 1946-இல் மனநோயாளருக்கென்று ஓவியக் கூடம் திறந்தார். அவர்கள் வரைந்தவற்றைக் காக்க 1952-இல் ஒரு காட்சியகமே நிறுவினார். அதே வேளையில், மறுபக்கத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. பிரிட்டனில் மனச்சிதைவு நோயுள்ள 417 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2012-இல் வெளிவந்தது. வாரம் ஒரு முறை குழுவாக ஓவியச் சிகிச்சை அளித்தும், அவர்கள் நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. பலர் வகுப்புக்கு ஒழுங்காக வரவும் இல்லை. ஆக, தாளும் வண்ணமும் தாமாக எதையும் செய்துவிடுவதில்லை. பொறுமையோடு பக்கத்தில் உட்காரும் ஒருவர் வேண்டும். படத்தைப் பார்த்தபின் சுவரை உடைக்கும் ஒருவரும் வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு

பெல்ஜியம் நாட்டில் கீல் என்ற ஊர் இருக்கிறது. மனநோயாளரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் திருத்தலம் அங்கே உண்டு. அங்கு வந்த நோயாளரை ஊர் மக்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் வீடுகளிலேயே வைத்துப் பராமரிக்கின்றனர். 1930-களில் 3,000-க்கும் மேற்பட்டோர் அவ்வாறு குடும்பங்களில் வாழ்ந்தனர். ஓர் ஊரே செய்ததில் சிறு பங்கையாவது நம் பங்கு ஒன்று செய்ய முடியாதா? என் அனுபவத்தில் கண்ட சிலவற்றை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, மருந்தைத் தொடர்ந்து கொடுங்கள். மாற்ற வேண்டுமாயின் மருத்துவரைக் கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, வீட்டில் நோயுற்றவர் இருந்தால் அவருக்குப் பழக்கமான பாட்டை மெல்லிய குரலில் பாடுங்கள். வானொலியையோ கைப்பேசியையோ போட்டுவிட்டு எழுந்து போவதனால் பயன் குறைவு. நீங்கள் உட்கார வேண்டும். அவருக்கு விருப்பமில்லையெனில் நிறுத்திவிடுங்கள். காதில் குரல்கள் கேட்பவருக்கு நம் திருவிழா ஒலிபெருக்கி எத்தகைய வாதை என்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள். முதுமையில் மறதி நோய் கண்டவர்களுக்கும் இது பொருந்தும். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர்கள்கூட, சிறுவயதில் கற்ற மாதா பாட்டைச் சொல் தவறாமல் பாடுவதை நம்மில் பலர் கண்டிருப்போம்.

மூன்றாவது, அவர்கள் வரைவதைப் பார்த்து உடனே பொருள் சொல்லாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். தாளும் வண்ணமும் கொடுங்கள், கோலப்பொடியாயினும் போதும். காத்திருங்கள்.

நான்காவது, பங்குப் பாடகர் குழுவில் அவர்களுக்கு ஓர் இடம் வையுங்கள். தலைமை இடம் வேண்டாம். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கும் இடமாக இருந்தாலும் போதும். ஆனால் அது அவர்களுடைய இடமாக இருக்கட்டும்.

அப்பாவும் அம்மாவும் இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆயின. தம்பிக்கு அறுபது வயது கடந்துவிட்டது. அவன் முற்றும் குணமாகிவிட்டான் என்று எழுதினால் அது பொய். இரவில் மாத்திரை உண்டு. சில மாதங்களில் சோர்வும் உண்டு. இருமுறை மீண்டும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஆனால் அவன் எங்களோடு இருக்கிறான். காலையில் நாளிதழ் படித்து, அச்சுப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிடுகிறான். ஞாயிறு மாலையில் பழைய ஆர்மோனியத்தைத் திறக்கிறான். கை சற்று நடுங்கும். அப்போது நான் அப்பா உட்கார்ந்த இடத்தில் போய் அமர்ந்துகொள்வேன். "காத்துப் போடுக்கா" என்பான்.

எனக்கு இசை தெரியாது. ஆனால் துருத்தியை இழுப்பதற்கு இசை தெரிய வேண்டியதில்லை.